சக்குபள்ளத்து வாழையும் சமவெளி வைரஸும்

நோயுள்ள இலையைத் தேடித் தோட்டத்துக்குள் நுழைகிறவனை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. பை தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் சக பாவிகளுக்கு இது புரியும். வாழையைத் தாக்கும் வைரஸ் ஊருக்கு ஊர் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு இலை சேகரித்துத் தருவது என் வேலை.

ஐஸ் பெட்டி

சமவெளியில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் பழனிசாமி அண்ணனின் நேந்திரன் வாழைத் தோட்டம். தண்டெல்லாம் சிவப்புக் கோடுகள். இலைத்துண்டை நான் ஐஸ் பெட்டியில் வைப்பதைப் பார்த்தபடி நின்றவர், மருந்து உண்டா என்று கேட்டார். மருந்து கிடையாது, நோய் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றேன்.

"ஏனுங்க, அதுதான் எனக்கே தெரியுதுங்களே! அதுக்கு எதுக்குங்க பெட்டியும் ஐஸும்?"

இல்லாத நோய்

மலைமேல் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் எஸ்தர் அக்கா, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வாழை வைத்திருந்தார். அங்கேயும் அதே சிவப்புக் கோடு, சூம்பிய குலை. சீக்கு பரவிவிடும் என்று அவர் யாருக்கும் கன்று கொடுக்கவில்லை. 'கஞ்சப்பிசினாறி' என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

சோதனை முடிவு வந்தது: வைரஸ் இல்லை. இனி மறுக்கக் காரணம் இல்லை; அக்கம்பக்கத்தார் கன்றுக்கு வந்து நிற்பார்களே! தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"ரிப்போர்ட்டு என்னமும் சொல்லட்டும் தம்பி. சீக்குக் கன்ன நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்."

மறுபடியும் மலைக்கு

அந்தப் பிடிவாதம் என்னைத் தூங்கவிடவில்லை. மறுபடி போய், பக்கத்துத் தோட்டங்களிலும் இலை எடுத்தேன். "நம்ம சோதனை சமவெளி வைரஸை வெச்சு செஞ்சது. மலையில இருக்கறது வேற ரகமா இருந்தா?" என்று விஞ்ஞானி ஷீலா மேடத்திடம் கேட்டேன்.

மேடம் அந்த இலைகளில் இருந்த மரபணுவை முழுசாகவே படித்துப் பார்த்தார். வைரஸ் இருந்தது! மீனாட்சிபுரத்து வைரஸுக்குப் பங்காளிதான். ஆனால் எங்கள் சோதனை எந்த இடத்தைப் பிடிக்குமோ, சரியாக அந்த இடத்தில் மாறியிருந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். மலையாளம் கலந்த தமிழில் மேடம் சொன்னார்:

"துள்ளினது மதி, போதும். முதல்ல போய் எஸ்தர்கிட்ட மாப்பு சொல்லுங்க."

லயத்தில் வாசித்த ரிப்போர்ட்

இரண்டு ரகத்தையும் பிடிக்கும் புதுச் சோதனை தயாரானது. அதில் தேறிய நல்ல கன்றுகளோடு சக்குபள்ளம் போனேன். லயத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, ரிப்போர்ட்டை உரக்க வாசித்து, எஸ்தர் அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். கஞ்சப்பிசினாறி என்றவர்களே கைதட்டினார்கள். முதல் கன்றை வாங்கிக்கொண்டு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் வாழையப் பாத்துச் சொன்னேன், நீங்க மிஷினப் பாத்துச் சொன்னீக. மிஷினுக்கு இப்பதான் கண்ணு தெரிஞ்சிருக்கு!"

உங்கள் ஊரில் சீக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு திரும்புகிற தொழில், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.