கோணல் வரிசை

புனேயில் ஹடப்சரைத் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் ஓரத்தில் எங்கள் அம்பாசடர் பஞ்சராகி நிற்கிறது. உள்ளே எங்கும் கரும்பாறைதான். அதில் குழி வெட்டி, கூடை கூடையாக மண் கொட்டி வேப்பங்கன்று நட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் நூல் பிடித்த மாதிரி நேர் வரிசை, அத்தனையும் காய்ந்த குச்சி. மறுபக்கம் கன்றுகள் தாறுமாறாக, இடுப்புயரத்துக்குப் பச்சென்று நிற்கின்றன.

வண்டியின் தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்து ஒரு பெண் தமிழில் கூப்பிடுகிறார். பெயர் மாரியம்மா, தர்மபுரிக்காரர். இதே குவாரியில் வருஷக்கணக்காகக் கல் உடைத்தவர்.

"ஏம்மா, இதை மட்டும் கோணலா நட்டிருக்கீங்க?"

"நேரா நட்டது ஆபீசருங்க சார். குழியில தண்ணி எறங்க வழியில்ல, வேர் அழுகிப்போச்சு. கோணல்தான் நான் நட்டது."

சுத்தியலால் பாறையைத் தட்டுகிறார். கணீரென்கிறது. நாலடி தள்ளித் தட்டுகிறார். சத்தம் மந்தமாக வருகிறது.

"இங்க உள்ளாற வெடிப்பு ஓடுது. அன்னிக்கு கல் ஒடைக்க இதைத் தேடித்தான் உளி வெப்போம். இப்ப கன்னு வெக்கிறேன்."

"ஆபீசர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மத்தியானம் பெரிய சாகேப் வர்றாராம். போட்டோவுக்கு வரிசை வேணும், கோணலா இருக்கறதைப் புடுங்கி நேரா நடுன்னுட்டாங்க."

"புடுங்கப்போறீங்களா?"

சணலை எடுத்துக்கொண்டு நேர் வரிசைக்குப் போகிறார். ரோட்டோர மரத்தில் ஒடித்துவந்த வேப்பங்கொத்து ஒன்றை முதல் குச்சியில் வைத்துக் கட்டுகிறார்.

"போட்டோ எடுக்கற வரைக்கும் வாடாது சார்."