என் மருந்து தம்பிக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை: காப்பாரிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஒரு நாள்

பள்ளி விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமை. பள்ளி வேன் ஓட்டுகிற எனக்கு விடுமுறையில்தான் மூச்சுவிட நேரம். அன்றைக்குத் தம்பி முரளியை பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூன்று வாரத்துக்கு முன் அவன் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மன அழுத்த மருந்துகளை அவன் உடம்பு எப்படிக் கையாளும் என்று பார்க்கிற சோதனை. ரிசல்ட் வந்துவிட்டது. அவனோ, "டாக்டர்கிட்ட போறது இதான் கடைசிக்கா. இனிமே ஒரு மாத்திரையும் வாயில வைக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குப் பஞ்சமே இல்லை. எனக்கும்தான் அது இருக்கிறதே, விடுவேனா?

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நாலு வருடத்துக்கு முன் மன அழுத்தத்தில் படுத்தவள் நான். ஒரு மருந்து இரண்டு மாதத்தில் என்னை எழுப்பி உட்கார வைத்தது. (பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் போய்க் கேட்பீர்கள்.) போன வருடம் முரளி, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன், வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். பக்கத்து கிளினிக்கில் நான் முந்திக்கொண்டு, "எனக்கு ஒத்துக்கிட்ட மருந்தையே குடுங்க டாக்டர், ஒரே ரத்தம்தானே" என்றேன். அவரும் சரி என்று கொடுத்தார். முரளிக்குத் தலைசுற்றல், கை நடுக்கம், வாந்தி. "எனக்கு ஒத்துக்கிட்டது உனக்கு ஏன் ஒத்துக்காது? எல்லாம் சோம்பேறித்தனம்" என்று திட்டி வேலைக்கும் விரட்டினேன். தினமும் அவன் முன்னால் நின்று, "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று சோதிப்பேன். அடுத்த தடவை டாக்டர் அவனைக் கேட்டால் நான் பதில் சொல்வேன்: "எல்லாம் நல்லாதான் இருக்கு டாக்டர்." நாம் நோயாளியையா பேச விடுகிறோம்? எட்டு மாதம் கழித்து முரளி மறுபடி படுத்துவிட, அவரே அந்த மருந்தைக் குறைத்து நிறுத்தி எங்களை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அனுப்பினார்; அங்கே முதல் தடவை நர்ஸ் சோதனைக்கு எடுத்ததோடு சரி.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை 7:10க்கு எங்கள் ஊர் காப்பாரில் கிளம்பினோம். கிள்ளான் ஸ்டேஷனுக்கு என் மீட்டரில் 17 கிலோமீட்டர், 40 நிமிடம். கார் நிறுத்த ஐந்து வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). 8:05 ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், சுற்றிலும் பெண்கள். "பாஸ், இது லேடிஸ் கோச்" என்று ஒரு அக்கா முரளியைப் பார்த்துச் சிரித்தார். நடுப்பெட்டிகள் பெண்களுக்கு, ஆண்களோடு போகிறவர்கள் கவனியுங்கள். அடுத்த பெட்டிக்கு மாறினோம், அங்கே நிற்கவே இடமில்லை.

ஷா ஆலம் தாண்டியதும் முரளிக்கு வியர்த்துக் கொட்டியது. சுபாங் ஜெயாவில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டான். நானும் பின்னாலேயே குதித்தேன்.

"நீ போய் ரிசல்ட் வாங்கிட்டு வா லா. நான் வீட்டுக்குப் போறேன்."

"பேப்பர வாங்கிட்டு வருவேன்டா. டாக்டர் உன்னைக் கேக்கிறதுக்கு யாரு பதில் சொல்றது?"

"எப்பவும் நீதானே சொல்லுவ."

எனக்குச் சுரீர் என்றது. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து அடுத்த ரயில் வந்தது. அவனாகவே எழுந்து ஏறினான்.

9:35க்கு தலைநகரின் பெரிய ஸ்டேஷனான கே.எல். சென்ட்ரல். நேரமாகிவிட்டதே என்று வாசலில் நின்ற டாக்ஸி அங்கிளைக் கேட்டேன். "நடந்தா பத்து நிமிஷம், கார்ல போனா இருபது. நடங்கம்மா" என்றார். நல்ல மனிதர்.

டாக்டர் எங்கள் வயசுப் பெண்தான். "முரளி, முன்ன சாப்பிட்ட மருந்து எப்படி இருந்துச்சு?" என்றார். பழக்கதோஷத்தில், "அது வந்து டாக்டர்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தினார். முரளி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். எட்டு நிமிடம் பேசினான். நடுக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட்டை ரேக்கில் இடித்ததையெல்லாம் அப்போதுதான் நானே கேட்கிறேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். "சில மருந்துகளைக் கல்லீரல்ல ஒரு என்சைம்தான் உடைக்கும். இவர் மரபணுப்படி அந்த என்சைம் ரொம்ப மெதுவா வேலை செய்யுது. வழக்கமான அளவு குடுத்தா மருந்து உடம்புல தேங்கிடும். அதனாலதான் அந்த நடுக்கம், வாந்தி எல்லாம் வந்திருக்கணும்."

"ஒரே அப்பா அம்மாதானே டாக்டர்?"

"ஒவ்வொரு மரபணுவும் அப்பாகிட்ட இருந்து ஒரு பிரதி, அம்மாகிட்ட இருந்து ஒரு பிரதி வருது. எந்தப் பிரதி வரும்கிறது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்களுக்கு எப்படின்னு சோதிக்காம சொல்ல முடியாது." பிறகு எனக்கு ஒரு குட்டு வைத்தார். "இது ஜாதகம் இல்லை. எந்த மருந்து குணமாக்கும்னு இது சொல்லாது. எதைத் தவிர்க்கலாம், எதை எந்த அளவுல தொடங்கலாம்னு வழிகாட்டும், அவ்வளவுதான்." வேறு என்சைம் உடைக்கிற ஒரு மருந்தைச் சின்ன அளவில் எழுதித் தரவா என்று முரளியிடம்தான் கேட்டார். அவன் சரி என்று தலையாட்டினான்.

வெளியே வந்து ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம், ஆளுக்குப் பதினான்கு வெள்ளி. "டேய், உன்ன சோம்பேறின்னு சொன்னது என் தப்புடா" என்றேன். "ம்" என்றான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன தகுதி?

போக நினைப்பவர்களுக்கு: எங்களுக்குச் சோதனைச் செலவு 900 வெள்ளி. இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட மருந்துகளின் பேர், அளவு, என்ன செய்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். காய்ச்சல் மாத்திரை மாதிரி இதை வீட்டில் பங்கு போடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். கூடப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எனக்கு அதுதான் முழுப் பயணத்திலும் கஷ்டமான பகுதி.

ஐந்து வாரம் கழித்து மறுபடி போனோம். முரளி முழுசாகத் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதும் நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வாய் காயுது டாக்டர். தூக்கம் பரவால்ல. நேத்து பசிச்சுச்சு. நானே போட்டு சாப்பிட்டேன்."

எட்டு மாதமாக, "நல்லா பசிக்குது, நல்லா சாப்பிடுறான்" என்று அந்தப் பழைய டாக்டரிடம் அவனுக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.