வேண்டுதல் இல்லாத உருளல்

என் ஓரகத்திக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்பதற்காக நான் அங்கப்பிரதட்சணம் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நம்பினார்கள். நம்பிக்கைக்குச் சாட்சியும் இருந்தது. பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலம் வந்த மாமியாரின் தங்கை, விடியும் நேரத்தில் அடி அண்ணாமலையைக் கடக்கையில், பாதையோரத்துக் காலி மனையில் நான் மணலில் உருண்டுகொண்டிருந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார். கூப்பிட்டுக் கலைத்துவிடக் கூடாதென்று தள்ளி நின்று ஒரு கும்பிடு போட்டவர், அடுத்த நிமிடமே மாமியாரைக் கைப்பேசியில் அழைத்திருக்கிறார்.

"உன் பெரிய மருமக வாயத் தொறக்காம எவ்ளோ பெரிய காரியம் பண்றா பாருக்கா. சின்னவளுக்காகத்தான் இருக்கும்."

திருவண்ணாமலையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி விடியற்காலையில் மண்ணில் உருண்டால் ஊர் வேறு எதையும் நினைக்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

உண்மையில் நான் பழகிக்கொண்டிருந்தது தைடோ. கராத்தேயிலிருந்து கிளைத்த ஜப்பானியத் தற்காப்புக் கலை. கராத்தே பழகியவர்களில் கூடப் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கராத்தேக்காரர் தரையில் வேரூன்றி நின்று அடிப்பார். தைடோக்காரர் விழுந்துகொண்டே உதைப்பார், உருண்டு எழுந்து குத்துவார், கரணமடித்துத் தப்புவார். சுழல்வது, அலையாக எழுந்து தாழ்வது, சாய்ந்து விழுவது, முறுக்குவது, உருள்வது என்று உடலின் அசைவுகளை அது ஐந்தாக வகுக்கிறது. சென், உன், ஹென், நென், தென் என்பன அவற்றின் பெயர்கள்.

எனக்கு இது வந்து சேர்ந்தது நூலகத்தின் வழியாக. கல்லூரி நூலகராகிய என்னிடம் ஒரு நாள் ஜப்பானியப் பெண்மணி ஒருவர் தமிழ் இலக்கணம் கேட்டு வந்தார். அடி அண்ணாமலையில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிறவர்கள் தியானத்துக்காகவே வருகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். நூலக வராந்தாவில் தம் பை தோளிலிருந்து நழுவியபோது, அவர் அதைப் பிடிக்கச் சுழன்று, தரையைத் தொட்டு, பையோடு எழுந்து நின்றார். அதை இன்னொரு முறை செய்து காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டேன். மகள் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து என் காலைப்பொழுதுகள் காலியாக இருந்தன. நான் தமிழ் சொல்லிக்கொடுப்பது, அவர் தம் வீட்டருகே இருந்த காலி மனையில் தைடோ சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று.

அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். கணீரென்ற குரலில், "தாங்கள் இப்போது விழுங்குங்கள்!" என்பார். எதை விழுங்குவது என்று முதல் நாள் நான் திகைத்து நின்றேன். விழுவதற்கும் விழுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிறகு விளக்கினேன். ஆனாலும் அவசரத்தில் அவர் வாயில் 'விழுங்குங்கள்'தான் வந்தது. நானும் சொன்னபடி விழுந்தேன்.

வீட்டில் 'வாக்கிங்' என்று சொல்லியிருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் கரணம் போடப் பழகுகிறேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"தைடோவா? தை மாசம்தான் முடிஞ்சிடுச்சே" என்றார். அவருடைய சித்தியின் செய்தி வந்த பிறகு, அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "உருண்டது நீ. நீயே சொல்லு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. சொல்வதற்குள் மாமியார் ஐந்து மணிக்கே எழுந்து எனக்குக் காபி போட்டுத் தரத் தொடங்கியிருந்தார். "பழகறதுக்கே இவ்ளோ வலின்னா, மலைய எப்படிம்மா சுத்தி வருவ?" என்று என் முழங்கைச் சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்தார். அந்தக் காபியை நான் மூன்று வாரம் குடித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓரகத்திக்கு அப்போது மணமாகி ஏழாண்டுகள். வேங்கிக்காலில் அரசு அலுவலகமொன்றில் வேலை. அவள் உடம்பு வீட்டின் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. ஸ்கூட்டர் ஓட்டினால் குலுங்கும் என்று அதை விற்றுவிட்டார்கள். மாடிக்குத் துணி உலர்த்தப் போகக் கூடாது. பப்பாளி கூடாது. வீட்டில் ஏற்றிய விளக்கும் முடிந்த மஞ்சள் துணியும் அவளுக்காகவே. இப்போது என் சிராய்ப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. உண்மை தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாள் என்பதே என் பயம். நாள் போகப்போக, சொல்லாமல் இருப்பதுதான் பெரிய குற்றமாகத் தெரிந்தது.

ஒரு விடியற்காலை நான் வண்டியை வெளியே எடுத்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, புடவையெல்லாம் சொட்டச்சொட்ட.

"எனக்காக நீங்க உருளுவீங்க, நான் போத்திக்கினு தூங்கணுமாக்கா? வண்டிய எடுங்க."

வழியெல்லாம் வாயைத் திறக்க முயன்று தோற்றேன். மனையில் இறங்கியதும் ஆசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்து, "தாங்கள் மழையில் வந்தீர்களா?" என்று வானத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். மணலில் சீராக விரித்திருந்த கோணிகளின் மேல் ஈரக் காலை வைத்துப் படுக்கப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். இது வேண்டுதல் இல்லை, ஒரு விளையாட்டு, சண்டைக் கலை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"அப்ப எனக்காக இல்லியா?"

"இல்லம்மா."

"கொஞ்சம் கூட?"

"கொஞ்சம் கூட இல்ல. எனக்குப் பிடிச்சிருந்துது. அவ்ளோதான்."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கோணியின் மேல் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டாள். "அப்பாடா" என்றாள். "அந்த வீட்ல சாம்பார்ல உப்பு கம்மியா போட்டா கூட எனக்காகத்தான்க்கா. ஒருத்தராவது உங்களுக்காக உருள்றீங்களே." பிறகு எழுந்தாள். "பத்தாவதுல லாங் ஜம்ப்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. இதுல குதிக்கிறது இருக்கா?"

இருந்தது. அதன் பெயர் 'உன்' என்று ஆசிரியை சொன்னதும், "உன்னுது இருக்கு, என்னுது இல்லியா?" என்று கேட்டாள். ஆசிரியைக்கு அந்த வேடிக்கையை விளக்கப் பாதிப் பாடநேரம் போயிற்று. அதற்குள் அவள் ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று முறை குதித்துவிட்டாள். மூன்றாவது தாவலில் அவள் என் முழங்கால் உயரம் எழும்பியதைப் பார்த்து, ஆசிரியை தமிழை மறந்து ஜப்பானிய மொழியில் ஏதோ கூவினார்.

வீட்டில் என்னைச் சொல்ல அவள் விடவில்லை. அன்றே அடுப்படியில் மாமியாரிடம் தானே சொன்னாள்.

"அத்த, அக்கா உருண்டது வேண்டுதல் இல்ல, வெளாட்டு. எனக்கு வேண்டுதல்லாம் போதும். முடிச்சிக்கலாம். இனிமே நான் சும்மா குதிக்கப் போறேன்."

"குதிச்சா தங்குமா?"

"குதிக்காத ஏழு வருஷம் தங்குச்சா?"

மாமியார் அடுப்பைத் தணித்தார். "முட்டிய பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழம்பைக் கிளறினார். மறுநாள் காலை காபி இல்லை. அதற்கு மறுநாள் இரண்டு டம்ளர் இருந்தது.

விசா முடிந்து ஆசிரியை தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். இடையில் வந்து சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள் இருவரும் கோடை வந்ததும் போய்விட்டார்கள். ஒருவரை ஐவர் சூழ்ந்து தாக்கும் காட்சிச் சண்டை ஒன்று தைடோவில் உண்டு. அதற்கு ஆறு பேர் எங்களுக்கு ஒருபோதும் சேரவில்லை. ஓரகத்திக்குக் குழந்தை பிறக்கவில்லை. மருத்துவரிடம் போவதை அவளும் என் கொழுந்தனாரும் பேசி நிறுத்திக்கொண்டார்கள். அவள் மறுபடி ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். வீட்டில் மாமியார், அண்ணன் தம்பி இருவர், நாங்கள் இருவர் இருக்கிறோம். காலையில் மனைக்கு நானும் அவளும் போகிறோம்.