கண்ணாயி வீட்டுக் காற்று

கண்ணாயி வேலைக்குப் போகும் இடம் அவள் வாசலிலிருந்து இருபது எட்டு நடை. அவளுடைய ஆபீஸோ காலுக்கு நேர் கீழே எழுநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் செம்மேடு ஊருக்கு வந்து, மலைப்பாதை வளைவுகளெல்லாம் இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு சுரங்க வாய்க்குப் போய், உள்ளே இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நுழைய வேண்டும். ஜீப்பில் மூன்று மணி நேரம் ஆகும். காற்று மட்டும் ஒன்றரை நிமிஷத்தில் போய்விடும். அந்தக் காற்றைப் பார்த்துக்கொள்வதுதான் கண்ணாயிக்கு வேலை.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று நான்கு வருஷத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் சாமையும் மரவள்ளியும் போட்டு, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிவிட்டு, தானுண்டு தன் காடுண்டு என்று இருந்தவள் அவள். மலைக்கு அடியில் ஒரு கம்பெனி இரும்புக்கல் வெட்டுகிறது என்பது தெரியும். தினமும் பகல் இரண்டு மணிக்கு வெடி வைக்கும்போது அடுக்குப் பானை லேசாகக் கிணுகிணுக்கும். கடிகாரம் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அது உதவியது. அதற்கு மேல் சுரங்கத்தோடு அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்புறம்தான் விஞ்ஞானிகள் வந்தார்கள். வெட்டி முடித்த ஒரு கிளைச் சுரங்கத்தை அகலப்படுத்தி ஆய்வுக்கூடம் கட்டினார்கள். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். மலை அவற்றில் பெரும்பாலானதைத் தடுத்துவிடும். தடுக்க முடியாத ஏதோ ஒன்று எப்போதாவது ஒரு தடவை உள்ளே வந்து மிஷினில் படுமா என்று காத்திருப்பதுதான் அவர்கள் வேலை. கண்ணாயி இதைக் கேட்டுவிட்டு, "மலைய சல்லடையாப் புடிச்சுக்கிட்டு அடியில உக்காந்திருக்கறீங்க, அவ்வளவுதானுங்களே?" என்றாள். விளக்கிக்கொண்டிருந்த வித்யாஸ்ரீ பாதியில் நிறுத்திவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் அடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். படித்து முடித்துவிட்டுச் சொந்த மலைக்குள்ளேயே வேலைக்கு வந்திருந்தாள்.

ஓடிக்கொண்டிருக்கிற சுரங்கத்தில் குடித்தனம் நடத்துவது லேசல்ல. பக்கத்துப் பாதையில் லாரிகள் கல் ஏற்றிப் போகும், துளை போடுவார்கள், வெடிப் புகை வரும், பாறையிலிருந்து கசிகிற ஒரு வாயு வேறு மிஷினைக் குழப்பும். அதனால் ஆய்வுக்கூடத்துக்குத் தனிக் காற்று வேண்டும் என்றார்கள். மலையுச்சியிலிருந்து நேராக ஒரு குழாய் இறக்கி, மேல்காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளத் திட்டம். சர்வே எஞ்சினியர் சசிதரன் கருவியும் குடையுமாக வந்து அளந்து அளந்து, கடைசியில் கண்ணாயியின் துணிக்கொடிக்கு அடியில் முளையடித்தார்.

"ரெண்டு கெஜம் தள்ளி அடிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டாள்.

"தள்ளுனா கீழ கூடத்துல எறங்காதுங்க. பாறைக்குள்ள போயிரும்."

அவள் துணிக்கொடியை அவிழ்த்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். அந்தக் குழாய்க்குக் காவல் தன்னைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. வெளியாள் வந்து தன் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

அந்த வீடு அப்படிப்பட்ட வீடு. ரோடு வருவதற்கு முன்னால் அவளும் புருஷன் செங்கோடனும் கூரை ஓடுகளைக்கூடத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கட்டியது. சுவரில் எந்தக் கல் யார் தூக்கியது என்றுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. பெரிய கல்லெல்லாம் தான் தூக்கியது என்று செங்கோடன் சொல்வார். அதை அவள் ஒப்புக்கொண்டதே இல்லை.

குழாய் இறங்கியது. மேலே ஒரு சின்ன ஷெட், அதற்குள் சல்லடை சல்லடையாக வடிகட்டிகள், ஒரு டெலிபோன், ஒரு ரெஜிஸ்டர். கண்ணாயி தினமும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, அக்கம்பக்கத்தில் யாராவது காட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்களா, தூசி உண்டா என்று எழுதிவைப்பாள். எட்டாம் வகுப்புப் படிப்பு இவ்வளவு வருஷம் கழித்து உபயோகப்பட்டதில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. முதல் மாசமே இது தெரிந்துவிட்டது. வித்யாஸ்ரீ கீழேயிருந்து போன் செய்வாள்: "அக்கா, இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்புங்களா? இங்க ஒருத்தருக்கும் வேல ஓட மாட்டீங்குது." பலாப்பழக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வெயிலையே பார்க்காமல் பாறைக்குள் உட்கார்ந்திருக்கிற பதினோரு பேரும் வாசனை பிடித்தே ஏங்கிப்போவார்கள். கண்ணாயி ஜீப் போகும்போதெல்லாம் இரண்டு பழம் ஏற்றிவிடுவாள். தன் வீட்டுக் காற்றைப் படித்த பிள்ளைகள் பதினோரு பேர் சுவாசிக்கிறார்கள் என்பதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் மறைக்கவும் இல்லை. செம்மேட்டுச் சந்தையில் மிளகு வாங்க வந்தவர்களுக்குக்கூட அது தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது அவளுடைய பாசம்தான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் வித்யாஸ்ரீ அழாத குறையாகப் பேசினாள். மிஷின் ஒரு வாரமாகக் கண்டபடி கணக்குக் காட்டுகிறதாம். டெல்லியிலிருந்து முப்பது பேர் வந்து சுற்றிப் பார்த்து, ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போனார்களாம். அதிலிருந்து இப்படித்தானாம்.

கண்ணாயிக்கு உடனே விளங்கிவிட்டது. முப்பது பேர் கண்! பெற்ற பிள்ளைக்கே ஒருத்தி கண் பட்டால் தாங்காது. கீழே போய்ச் சுற்றிப்போட முடியாது, குழாய்க்குச் சுற்றினால் கீழேயும் சேரும் என்று முடிவு செய்தாள். உப்பு, கடுகு, முச்சந்தி மண், ஒரு கை நிறைய வரமிளகாய். குழாயை மூன்று தடவை சுற்றி, இரும்புச் சட்டியில் கொண்டுவந்த தணலில் அங்கேயே போட்டாள். குழாய் அருகே தீ மூட்டக் கூடாது என்று ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் தணலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மிளகாய் கருகியது. கண்ணாயி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். துளி நெடி இல்லை. கண் பட்டிருந்தால்தான் நெடி வராது என்பது ஊரறிந்த விஷயம். "பாத்தீங்களா, ஒரு தும்மல்கூட வரல! அத்தனையும் கண்ணேறு!" என்று செங்கோடனிடம் வெற்றியோடு சொன்னாள்.

நெடி முழுவதையும் குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கீழே பதினோரு பேரும் இருமிக்கொண்டு ஓடினார்கள். இருமல் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சுரங்கத்தில் துளை போடுகிற இரைச்சலில் சங்கு ஊதினால் கேட்காது என்பதால், ஆபத்து என்றால் காற்றில் ஒரு நாற்ற வாயுவைக் கலந்துவிடுவார்கள். மூக்கில் வித்தியாசமாக எது ஏறினாலும் போட்டது போட்டபடி பாதுகாப்பு அறைக்கு ஓட வேண்டும் என்பது அங்கே சட்டம். பதினோரு பேர் ஓடுவதைப் பார்த்து நூற்று நாற்பது பேர் ஓடினார்கள். ஒரு ஷிப்ட் முழுவதும் நின்றது. கருப்பண்ணன் என்ற லாரி டிரைவர் ஓடும்போது கால் பிசகி, ஒரு வாரம் படுத்துவிட்டார்.

மிஷின் மறுநாளே சரியாகிவிட்டது. ஏதோ ஒரு வயர் தளர்ந்திருந்ததாம். கண்ணாயி அதை நம்பவில்லை. ஆனால் கருப்பண்ணன் கால் சேதி கேட்டதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிசகுக்குப் போடும் எண்ணெயை ஜீப்பில் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கடிதம் அதைவிடப் பெரிய இடி. சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி அருள்பிரகாஷ் எழுதியிருந்தார். குழாயிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று விதி கொண்டுவரப் போவதாகவும், வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகவும், அவள் விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருப்பதோ இருபது எட்டு. கண்ணாயி சுவரின் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது நல்லதுதான், இல்லாவிட்டால் அழுதிருப்பாள்.

விசாரணைக்குப் போன அன்று வெயில் பளிச்சென்று அடித்தது. அடித்துத் தூற்றிய சாமை அவ்வளவும் பாறைக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வருஷத்துச் சாப்பாடு அது. "பக்கத்துலயே இருங்க" என்று செங்கோடனிடம் நான்கு தடவை சொல்லிவிட்டு ஜீப் ஏறினாள்.

சுரங்கத்துக்குள் கல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். ஆய்வுக்கூட வாசலில் குளிக்கச் சொன்னார்கள், தலைப்பூவை எடுக்கச் சொன்னார்கள், வெள்ளை உடுப்பும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். இரண்டு கதவு தாண்டி உள்ளே போனதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். தன் காட்டுக்கு அடியில் இவ்வளவு பெரிய கூடமா!

"எங்க ஊட்டுக் காத்து எதுல கண்ணு வருது?" என்று வித்யாஸ்ரீயிடம் கேட்டாள்.

கூரையில் ஒரு கம்பிவலைத் திறப்பைக் காட்டினாள் வித்யாஸ்ரீ. கண்ணாயி அதற்கு அடியில் போய் முகத்தை நிமிர்த்தினாள். மாட்டுக் கொட்டகை, சாமைத் தாள், வேலியோரத்துத் துளசி. எல்லாம் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

அதே கூடத்தில் மேஜை போட்டு விசாரணை நடந்தது. அருள்பிரகாஷ் கெட்டவர் அல்ல. நூற்று நாற்பது உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நடந்ததையெல்லாம் வாசித்தார். கண்ணாயி ஒன்றையும் மறுக்கவில்லை.

"தப்பு எம்மேலதானுங்க. அந்த டிரைவருகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கறனுங்க. ஆனா ஊட்டை உட்டுட்டு வர மாட்டனுங்க. நா போயிட்டா கொழாகிட்ட யாருங்க இருப்பா?"

"கேமரா வெக்கப் போறமுங்கம்மா. காத்து அளக்கற மீட்டரு ஏற்கனவே இருக்குது."

"கேமராவுக்கு மூக்கு இருக்குதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அருள்பிரகாஷ் சிரிக்கவில்லை. "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. ஐம்பது மீட்டருக்குள்ள ஆளு இருக்கக் கூடாது" என்று சம்மதப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

கண்ணாயி பேனாவை வாங்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு விடைத்தது. திடீரென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மழை! எங்க ஊட்டுப் பக்கம் மழை வருது. சாமை காயுதுங்க!"

வித்யாஸ்ரீ ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். "மீட்டர்ல ஈரம் ஒண்ணுமே காட்டலீங்களே அக்கா."

"மண்ணு நனையற வாசம் வருது கண்ணு! போனப் போடு!"

அருள்பிரகாஷ்தான் போனைச் சுழற்றினார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். மேலே ஷெட்டில் மணி வெகுநேரம் அடித்தது. கடைசியில் செங்கோடன் எடுத்தார்.

"ஏனுங்க, அங்க மழைங்களா?" என்றார் அருள்பிரகாஷ்.

"மழையா? இல்லீங்களே. வெயிலு நல்லா... இருங்க." கதவு திறக்கும் சத்தம். "அடடா, கெழக்கால காட்டுல ஊத்திக்கிட்டு இருக்குதுங்க! இந்தப் பக்கமாத்தான் வருது. நா இந்த ஷெட்டுக்குள்ளயே கொஞ்சம் கண்ணசந்துட்டனுங்க..."

கண்ணாயி போனைப் பிடுங்கினாள். "தூங்குனீங்களா! மொதல்ல சாமைய அள்ளுங்க! தார்ப்பாய் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில இருக்குது, ஓடுங்க!"

போனை யாரும் வைக்கவில்லை. துகளுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கப் பழகியவர்கள், அன்றைக்கு ஒருவர் சாமை அள்ளி முடிப்பதற்காக மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். அருள்பிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் போனில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அள்ளிப்புட்டேன் புள்ள. கடேசி மூட்டைய உள்ள வெச்சேன், கொட்டோகொட்டுனு கொட்டுது."

கண்ணாயி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பதினோரு பேரும் கை தட்டினார்கள்.

"சார், இப்பத்தானுங்க மீட்டரு ஏறுது" என்றாள் வித்யாஸ்ரீ.

அருள்பிரகாஷ் எழுந்து போய்த் திரையைத் தாமே பார்த்தார். திரும்பி வந்து பத்திரத்தை எடுத்து, பேனாவால் ஒரு வரியை அடித்து, மேலே வேறு எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தார்:

"குழாயிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் ஒருவர் கட்டாயம் குடியிருக்க வேண்டும். சமையல் அடுப்பைத் தவிர வேறு எங்கும் நெருப்போ புகையோ கூடாது. குழாயில் வித்தியாசமான வாசனை எது நுழைந்தாலும் அவர் உடனே போன் செய்ய வேண்டும்."

கண்ணாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏனுங்க சார், ஒருவர்னு போட்டிருக்கறீங்களே. அப்பறம் எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க போவாரு?"

அருள்பிரகாஷ் அப்போதுதான் சிரித்தார். 'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு குடும்பம்' என்று எழுதினார். கண்ணாயி காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.