நான் மாற்றி எழுதிய முடிவு

யுத்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. பதினேழு வயது. மணவூரிலிருந்து ரயிலேறித் திருத்தணிக்கு வந்தேன். என் கணவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் வருவார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். பேசவும் மாட்டார். கிருத்திகைக்குக் கிருத்திகை காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு மலைக்குப் போகும். மற்ற நாட்களில் மதியத்துக்கு மேல் ஒரு குரல் கேட்காது.

வாசகசாலையிலிருந்து அவர் வாரப் பத்திரிகை கொண்டுவருவார். காகிதத் தட்டுப்பாட்டில் அது மெலிந்துபோயிருந்தது. அவர் படித்து முடித்தபின் எனக்கு. அதன் கதைகளில் பெண்கள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவார்கள். கடைசிப் பக்கத்தில் தவறாமல் திரும்பி வந்து புருஷன் காலில் விழுவார்கள்.

ஒரு கதையில் ஒருத்தி பட்டணத்தில் நர்ஸாகச் சேர்ந்துவிடுகிறாள். புருஷனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வருகிறது. வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறாள். அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு கச்சேரித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் முடிவை மாற்றி எழுதினேன். அவள் வந்து கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். காய்ச்சல் விட்டதும், "வரேங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ரயிலேறுகிறாள். தாளை மடித்துப் பத்திரிகைக்குள் வைத்தவள் அப்படியே மறந்துபோனேன்.

திருப்பிக் கொடுக்க அவர் பத்திரிகையை எடுத்தபோது தாள் கீழே விழுந்தது. நின்றபடியே படித்தார்.

"இதுல வர்றது யாரு? நீயா?"

"இல்லீங்க. கதைல வர்றவ."

"வேலைக்குப் போவணும்னு இருக்குதா உனக்கு?"

என்ன வேலை எனக்குத் தெரியும்? ஆனாலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதன்பிறகு வீட்டுக்குப் பத்திரிகை வருவது நின்றது.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நானே வாசகசாலைக்குப் போனேன். நீளப் பெஞ்சில் ஐந்தாறு ஆண்கள். வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவர் எழுந்து நின்றார்.

"ஐயாவுக்கு எதுனா வாங்கினு போவணுமாம்மா?"

"எனக்குத்தாங்க. இங்கியே படிச்சிட்டுப் போறேன்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அடுத்தவர் செருப்பைத் தேடினார். கொஞ்ச நேரத்தில் அறை காலி. மேஜை நிறையப் பத்திரிகைகள், அத்தனையும் எனக்கு. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தையே மூன்று தடவை படித்தேன்.

சாயந்திரம் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டாள்: "ஆம்பளைங்க குந்திகினு இருக்கற எடத்துக்குப் போனியாமே?"

"ஆங், போனேன்."

பாதிக் குடத்தோடு நகர்ந்துவிட்டாள்.

அவருக்கும் செய்தி எட்டியிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் சொன்னார்: "இனிமே போவாதே."

"போவேங்க."

எங்கள் சண்டை அவ்வளவுதான். பிறகு பல நாள் சோறு, தண்ணீர் என்ற இரண்டு சொல்லோடு வீடு நடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போவதற்கு முன்பே பெஞ்சு காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. குழந்தை பிறந்தபின் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நல்ல கதை ஒன்றைப் படித்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். குழந்தையிடம் சொல்வேன். அது பத்திரிகையின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருக்கும். வெயில் இறங்கியதும் எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டு, உலை வைக்க வீட்டுக்கு நடப்பேன்.