கடைசி அடியைப் பாடியவர்

பிள்ளைகளே, உங்கள் கைபேசியில் அந்தப் பழைய கொழும்பு பொப் பாட்டின் கடைசி அடியையும் ஒரு பெண்ணே பாடுவதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சண்டைக் காலத்தில் மின்சாரமில்லாத எங்கள் ஊர் தேற்றாத்தீவில், கவிழ்த்த சைக்கிளின் பெடலை நான் கையால் சுற்ற, டைனமோவில் அந்தக் கசட் பாடும். பாடகிகள் மூன்று சகோதரிகள் என்பார் அப்பா. கடைசி அடி ஓர் ஆணுடையது என்பார் ஏறாவூரிலிருந்து வரும் முஸ்லிம் புடவை வியாபாரி; அவரை நாங்கள் 'நானா', அதாவது அண்ணன், என்போம்.

"அது மூத்தவள்ட குரல், நானா," என்பார் அப்பா.

"மூத்தவளுக்கு மீசையும் இரிக்கோ, தம்பி?"

வாராவாரம் இதே தலைவலி. ஒருநாள் நானா கோபித்துக்கொண்டு போனார். பிறகு சண்டை முற்றி ஏறாவூர்ப் பாதையை மூடிவிட்டார்கள், அவர் வரவேயில்லை.

என் கை சோர்ந்து மெதுவாகச் சுற்றியதால்தான் கடைசி அடி தடித்துக் கேட்டது என்பது எனக்கு அப்போதே தெரியும். ஏச்சுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் உறங்கப் போனதும் பாட்டைத் திரும்பப் போட்டு, கடைசி அடியை நானாவுக்காக ஆண்குரலில் நானே பாடினேன்.