நாலு மடங்கு புள்ளி

அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் கேட்ட லேப்டாப்பை வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எடுத்துவிட்டான். லேப்டாப் படிப்புக்கு என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தான். கார் பந்தயம் விளையாடத்தான் என்பது, அப்பாவைத் தவிர, மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும்.

முகப்பேரில் ஒரு கடையில் ஒரே விலைக்கு இரண்டு இருந்தன. ஒன்றில் சாதாரண ஸ்க்ரீன், உள்ளே வலுவான கிராபிக்ஸ் கார்டு. மற்றதில் 4K ஸ்க்ரீன், கார்டு சுமார். "இதுல நாலு மடங்கு புள்ளி தம்பி. அத்தினியையும் கார்டு வரைஞ்சுகினே இருக்கணும், மூச்சு வாங்கும்" என்று கடைக்காரரே சொன்னார். அண்ணன் காதில் விழுந்தால்தானே. இரண்டிலும் ஒரே கிளிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். 4K ஸ்க்ரீனில் கிளியின் இறகு ஒவ்வொன்றும் தெரிகிறதென்று வாயைப் பிளந்து நின்றான். அப்பாவும் ஆமாம் போட்டார். எனக்கு இரண்டு கிளியும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சொன்னதும் மூவரும் சிரித்தார்கள். ஒன்பது வயதிலேயே நான் ரசனை இல்லாதவள் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து விளையாடினால், சாயங்கால நேரத்துப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போவதுபோல் கார் நின்று நின்று போனது. அண்ணன் முகம் தொங்கிப்போனது. ரெசல்யூஷனைக் குறைத்தான். புள்ளிகள் குறைந்ததும் கார் பறந்தது, ஆனால் படம் மங்கிவிட்டதாம். அடம்பிடித்து வாங்கியவன், அப்பாவிடம் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கலங்கலாவா கீது? பாத்து சொல்லு" என்பான். "இல்லண்ணா, சூப்பரா கீது" என்பேன். பொய் இல்லை. எனக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. அவன் முகம் தெளிவதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டாளி வந்தான். பார்த்த உடனே, "இன்னா மச்சான், புகை மூட்டமா கீது" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படம் தெளிவாகத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் கண் தெரியவில்லை என்று சண்டைக்குப் போனேன். கூட்டாளி சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. ரெசல்யூஷனை அடிமட்டத்துக்கு இறக்கி, "இப்போ?" என்றான். சூப்பர் என்றேன். என்னை வாசலுக்கு இழுத்துப்போய் எதிர்வீட்டு கேட்டில் மாட்டியிருந்த போர்டைப் படிக்கச் சொன்னான். அங்கே போர்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். குள்ளம் என்பதால் பள்ளியில் எனக்கு முதல் பெஞ்சு, யாரும் கவனிக்கவில்லை.

அம்மா கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நாலு நாளில் கண்ணாடி வந்தது. கடையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு வெளியே வந்ததும் வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் லேப்டாப்பைத் திறந்து, அதே அடிமட்ட ரெசல்யூஷனில் பந்தயத்தை வைத்து என்னை உட்கார வைத்தான். படம் மகா மோசம். காரின் ஓரமெல்லாம் ஈரத்துணியால் துடைத்த சிலேட் மாதிரி கலங்கியிருந்தது. எவ்வளவு ஆசையாக வாங்கினான் என்று நினைத்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது.

"இப்ப எப்டி கீது?" என்றான். ஸ்க்ரீனைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்தான்.

அவனிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். "சூப்பரா கீதுண்ணா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடி சரியில்லை என்று அம்மாவிடம் சத்தம் போட்டுவிட்டு, அந்த வெயிலிலேயே என்னை சைக்கிளில் ஏற்றிக் கண்ணாடிக் கடைக்குத் திரும்பவும் மிதித்தான். சந்தோஷப்படுவான் என்றுதானே சொன்னேன், ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதிக்கிறான் என்று பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். அவன் கேட்டது லேப்டாப்பைப் பற்றி இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.